தினமும் வேதம் வாசிக்கப் புதிதாக உட்காருகிறவர்களுக்கு

புத்தாண்டு ஆராதனை முடிந்து, கையில் வாக்குத்தத்த அட்டையோடு வீட்டுக்கு வந்ததும் பலர் எடுக்கிற தீர்மானம் ஒன்று உண்டு. இந்த வருஷம் வேதாகமத்தை முழுசாக வாசித்து முடித்துவிட வேண்டும். கணக்கும் சுலபம்தான்: 66 புத்தகம், 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்றேகால் அதிகாரம். ஆதியாகமம் 50 அதிகாரம் கதையாக ஓடிவிடும். யாத்திராகமத்தில் செங்கடல் வரை, சீனாய் மலை வரை வேகம் குறையாது. பிறகு ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, கொக்கி, திரைச்சீலை அளவுகள் வரும். இந்த வேகத்தில் போனால் ஜனவரி 28 வாக்கில் லேவியராகமம் முதல் அதிகாரம். ஆட்டைப் பலிபீடத்தின் எந்தப் பக்கத்தில் கொல்வது, கொழுப்பை எங்கே அடுக்குவது என்று படித்துக்கொண்டிருக்கும்போது கொட்டாவி வரும். பிப்ரவரி முழுக்க அடையாள நாடா அந்தப் பக்கத்திலேயே கிடக்கும்.

இதில் லேவியராகமத்தின்மேல் குற்றம் இல்லை. புதிதாக வருகிறவரை அட்டையிலிருந்து அட்டை வரை நேர்க்கோட்டில் அனுப்பியதுதான் தப்பு. வேதாகமம் ஒரே புத்தகமாகத் தைக்கப்பட்ட ஒரு நூலகம். நூலகத்துக்குள் போகிறவர் முதல் அலமாரியின் இடது ஓரத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை.

இன்னொரு பக்கம், நேர்க்கோட்டில் போகாதவர்கள் செய்வது அதைவிட மோசம். கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய நாளுக்கான பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். கிறிஸ்தவ வாழ்க்கைக்கு வேதமே போதுமான வழிகாட்டி என்று சபையில் அடிக்கடி கேட்பீர்கள். சரிதான். ஆனால் ‘போதும்’ என்று சொல்வது முழு வேதத்தை; காலையில் கண்ணில் பட்ட ஒற்றை வரியை அல்ல. இதற்கு எல்லாரும் காட்டுகிற இடம் 2 தீமோத்தேயு 3:16-17. வேதவாக்கியங்கள் எதற்குப் பயன்படும் என்று பவுல் அங்கே நான்கு காரியங்களைச் சொல்கிறார்: உபதேசம், கடிந்துகொள்ளுதல், சீர்திருத்தல், நீதியைப் படிப்பித்தல். நடுவிலுள்ள இரண்டும் நமக்குக் கசப்பானவை என்பதைக் கவனியுங்கள். ஒரு மாதம் விடாமல் வாசித்தும் எந்த இடமும் உங்களைக் கடிந்துகொள்ளவில்லை என்றால், பிடித்ததை மட்டும் பொறுக்கி வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கையில் என்ன வேண்டும்

அச்சுப் பிரதி ஒன்று, கொஞ்சம் பெரிய எழுத்தில். பையில் அடங்குகிற பொடி எழுத்துப் பிரதி பயணத்துக்கு நல்லது. அதிகாலை வெளிச்சத்தில் கண்ணைக் கெடுக்கும். கைபேசிச் செயலியும் வேதம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் மாற்கு மூன்றாம் அதிகாரத்தின் நடுவில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று மேலே எட்டிப் பார்த்தால் அன்றைய வாசிப்பு அங்கேயே முடிந்தது. கைபேசியில்தான் வாசிக்க முடியும் என்றால் ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டுத் திறவுங்கள்.

கோடு போட பென்சில் போதும். வேதாகமத் தாள் மிக மெல்லியது. ஜெல் பேனாவும் ஈரமான ஹைலைட்டரும் பின்பக்கத்துக்கு ஊறி, மறுபக்க வசனத்தை அழுக்காக்கிவிடும். நிறம் வேண்டுமென்றால் பள்ளிப் பிள்ளைகளின் கலர் பென்சில் நன்றாக வேலை செய்யும். கூடவே 100 பக்க நோட்டு ஒன்று.

எந்த மொழிபெயர்ப்பு என்பதில் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததிலிருந்து பல மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன. இன்று சீர்திருத்த சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பெரும்பாலும் கேட்பது 1871-இல் ஹென்றி பவர் குழுவினர் முடித்த பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கத் திருச்சபையில் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். கத்தோலிக்கப் பதிப்பில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவை சேர்ந்து 73 நூல்கள் இருக்கும். இந்தக் கட்டுரையின் அதிகாரக் கணக்குகள் 66 புத்தகப் பதிப்பை வைத்துப் போட்டவை.

உங்கள் சபையில் எது வாசிக்கப்படுகிறதோ அதையே முதல் பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காதில் விழுவதும் திங்கட்கிழமை கண்ணில் படுவதும் ஒரே சொற்களாக இருந்தால்தான் மனசில் நிற்கும். இரண்டாவதாக எளிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றை, புரியாத இடத்தில் மட்டும் எடுத்துப் பாருங்கள்.

பழைய தமிழில் கால் இடறும் இடங்கள்

பழைய மொழிபெயர்ப்பின் ஓசை அழகானது. ஆனால் ஒன்றரை நூற்றாண்டில் சில சொற்கள் பொருள் மாறிவிட்டன. “நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்” (யோவான் 14:15) என்பதை இன்றைய பள்ளி மாணவன் வாசித்தால் இயேசுவுக்கு என்ன கற்பனை இருந்தது என்றுதான் கேட்பான். அங்கே கற்பனை என்றால் கட்டளை. இதுபோல நிருபம் என்பது கடிதம். ஆயக்காரன் வரி வசூலிப்பவன். புறஜாதியார் யூதர் அல்லாதவர்கள். விருதா என்றால் வீண். ஆக்கினை என்றால் தண்டனை. இச்சகம் என்றால் முகஸ்துதி. ‘மாம்சம்’ மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய சொல். சில இடத்தில் வெறும் உடல், சில இடத்தில் மனித இனம், பவுலின் நிருபங்களில் பல இடத்தில் தேவனுக்கு எதிராக நிற்கும் மனித சுபாவம். எல்லா இடத்திலும் உடல் என்று எடுத்துக்கொண்டு, உடம்பே பாவம் என்ற முடிவுக்கு வந்தவர்கள் உண்டு.

இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது. 1 கொரிந்தியர் 13:13-இல் பழைய மொழிபெயர்ப்பு “விசுவாசம், நம்பிக்கை, அன்பு” என்கிறது. திருவிவிலியத்தில் அந்த மூன்றும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. அதாவது ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் ஒன்றில் இரண்டாவதையும் மற்றொன்றில் முதலாவதையும் குறிக்கிறது. சொல்லைப் பிடித்துக்கொண்டு தாவினால் ரோமர் நிருபமே தலைகீழாகிவிடும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படிப்பட்ட சொற்களுக்குச் சின்ன அகராதி எழுதிக்கொண்டே வாருங்கள். நாற்பது ஐம்பது சொல் சேர்ந்ததும் பழைய தமிழ் பழகிவிடும்.

முகவரி வாசிப்பதிலும் ஒரு வார்த்தை. ‘யோவா. 4:8’ என்பது சுவிசேஷம், ‘1 யோவா. 4:8’ என்பது புத்தகத்தின் கடைசிப் பகுதியிலுள்ள முதலாம் நிருபம். முன்னால் நிற்கும் எண்ணைக் கவனிக்காமல் தேடித் தேடிக் களைத்துப்போகிறவர்கள் நிறையப் பேர். தெரியாவிட்டால் முன்பக்க அட்டவணையைப் பாருங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முதல் நான்கு மாதம்

வாரத்துக்கு ஆறு நாள் திட்டம் போடுங்கள். ஏழாவது நாளைக் காலியாக விடுங்கள், அதன் வேலை பிறகு வரும். பகுதிகள் இந்த வரிசையில்:

1. மாற்கு, 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. சுவிசேஷங்களில் மிகச் சிறியது, சம்பவங்கள் அடுத்தடுத்து வரும். 16 நாள்.
2. ஆதியாகமம், நாளுக்கு இரண்டு அதிகாரம். 25 நாள்.
3. யாத்திராகமம் 1 முதல் 20 வரை, நாளுக்கு இரண்டு. பஸ்காவும் பத்துக் கட்டளைகளும் வந்ததும் நிறுத்திவிடுங்கள். 10 நாள்.
4. லூக்கா, நாளுக்கு ஒன்று. 24 நாள்.
5. அப்போஸ்தலர் நடபடிகள், நாளுக்கு இரண்டு. 14 நாள்.
6. பிலிப்பியர், நாளுக்கு ஒன்று. 4 நாள்.

மொத்தம் 93 நாள். வாரம் ஆறு நாள் கணக்கில் பதினாறு வாரத்துக்குள் அடங்கும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. லூக்கா 22-இல் இயேசு சீஷர்களோடு உட்காருவது பஸ்கா பந்தி. யாத்திராகமம் 12-ஐ முந்தின மாதம்தான் வாசித்திருப்பதால் ஆட்டுக்குட்டியின் இரத்தம் எங்கே பூசப்பட்டது என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லூக்காவும் அப்போஸ்தலரும் ஒரே ஆசிரியர், தெயோப்பிலு என்ற ஒரே மனிதருக்கு எழுதிய இரண்டு பாகங்கள். இரண்டையும் பிரிக்காமல் வாசியுங்கள். அப்போஸ்தலர் 16-இல் பிலிப்பி பட்டணத்தில் லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் விசுவாசிகளாவதைப் பார்த்துவிட்டுப் பிலிப்பியர் நிருபத்துக்கு வந்தால், அது யாரோ யாருக்கோ எழுதிய கடிதமாக இருக்காது. அதே பவுல், இப்போதும் கட்டுண்டவராக, அந்தச் சபைக்கே எழுதுகிறார்.

சங்கீதம் எங்கே என்று கேட்பீர்கள். அதைப் பாடமாக வைக்க வேண்டாம், ஜெபமாக வையுங்கள். இரவு படுக்குமுன் ஒன்று. 150 சங்கீதமும் ஐந்து மாதத்தில் ஒரு சுற்று வந்துவிடும். 119-ஆம் சங்கீதம் 176 வசனம். அது எட்டெட்டு வசனமாக 22 பகுதிகளாகவே அமைந்திருப்பதால் பிரித்துக்கொள்வது எளிது. நீதிமொழிகளுக்கு 31 அதிகாரம். தேதிக்கு ஒன்றாக வாசிக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, நல்ல வழக்கம்.

ஒரு நாள் வாசிப்பு எப்படி நடக்க வேண்டும்

இருபது நிமிடம் போதும். அதிகாலைதான் உத்தமம் என்று சொல்வார்கள். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போனதை (மாற்கு 1:35) காட்டுவார்கள். இரவுப் பணி முடிந்து காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிற நர்சுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நேரத்தைவிட முக்கியம், அது எதன் பின்னால் வருகிறது என்பது. காபி குடித்தவுடன், குளித்தவுடன் என்று ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள். “நேரம் கிடைக்கும்போது” என்று வைத்தால் கிடைக்காது.

முதலில் ஒரு வரி ஜெபம். “உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்” (சங்கீதம் 119:18) என்பதே போதும். அடுத்து, அன்றைய பகுதியை வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். கண்ணால் மட்டும் வாசித்தால் தெரிந்த வரிகளைக் கண் தாண்டி ஓடும், வாய் தாண்டாது. பிறகு பென்சிலோடு இரண்டாம் முறை, மெதுவாக. திரும்பத் திரும்ப வரும் சொல், ‘ஆகையால்’, ‘ஆனாலும்’ போன்ற இணைப்புகள், கேள்விகள் ஆகியவற்றின்கீழ் கோடு. அதன்பிறகு நோட்டில் தேதி போட்டு நான்கு கேள்விக்கு விடை, கேள்விக்கு ஒரு வரி:

யார், யாரிடம் பேசுகிறார்? இங்கே தேவனைப் பற்றி என்ன தெரிகிறது? இது கட்டளையா, வாக்குறுதியா, எச்சரிப்பா, நடந்த சம்பவமா? இதன்படி நான் இன்று செய்ய வேண்டியது என்ன?

மத்தேயு 5:23-24-ஐ எடுத்துக்கொள்வோம். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன், தன்பேரில் சகோதரனுக்குக் குறைவுண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும். மேலோட்டமாக வாசித்தால் ‘எல்லாரோடும் சமாதானமாயிரு’ என்று நோட்டில் எழுதிவிட்டு எழுந்துவிடலாம். இரண்டாம் வாசிப்பில்தான் சொற்கள் கண்ணில் படும். சகோதரன்மேல் எனக்கு உள்ள குறையைப் பற்றி இங்கே பேச்சில்லை. என்மேல் அவனுக்குள்ள குறை. இதைச் சொல்கிற இடம் கலிலேயா. பலிபீடமோ எருசலேம் ஆலயத்தில், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மூன்று நாள் நடை. கேட்டுக்கொண்டிருந்த மீனவனுக்கு இது எவ்வளவு பெரிய வேலையாகத் தோன்றியிருக்கும் என்று யோசியுங்கள். ஆட்டையோ புறாவையோ விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, சமாதானமாகி, மறுபடி நடந்து வர வேண்டும். நான்காவது கேள்விக்கு இப்போது எழுத வேண்டியது ‘சமாதானமாக இருப்பேன்’ என்பதல்ல. ‘வரப்புத் தகராறில் பேசாமல் விட்ட சித்தப்பாவுக்கு இன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணுவேன்’ என்பது. நான்காவது வரியில் ஆள், நேரம், வினைச்சொல் மூன்றும் இருந்தால் அது கீழ்ப்படிதல். இல்லாவிட்டால் அது நல்ல எண்ணம். மறுநாள் நோட்டைத் திறந்ததும் முதல் வேலை, நேற்றைய நான்காவது வரியைச் செய்தாயிற்றா என்று பார்த்து ஒரு டிக் போடுவது. யாக்கோபு 1:22 கேட்பது அதைத்தான்.

கடைசி இரண்டு நிமிடம் வாசித்ததையே ஜெபமாக்குங்கள். எழுந்து போகலாம்.

பேசுகிறவர் யார்?

நான்கு கேள்விகளில் முதலாவதைத்தான் எல்லாரும் தாண்டுவார்கள். தாண்டக் கூடாத ஒன்றும் அதுதான்.

“துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும்.” கடைத் திறப்பு விழா அழைப்பிதழிலும் கல்லாப்பெட்டிக்கு மேலேயும் இந்த வரியைப் பார்த்திருப்பீர்கள். யோபு 8:7. பேசுகிறவர் பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பன் முன்னால் உட்கார்ந்து, நாலாம் வசனத்தில் உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலனை அடைந்தார்கள் என்ற பொருளில் பேசிவிட்டு, நீ சுத்தமானவனாக இருந்தால் முடிவு நன்றாயிருக்கும் என்று தொடர்கிறார். புத்தகத்தின் கடைசியில், 42:7-இல், இந்த நண்பர்கள் என்னைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று தேவனே தீர்ப்புச் சொல்கிறார். யோபுவின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வதிக்கப்பட்டது உண்மை (42:12). ஆனால் பில்தாத் சொன்ன காரணத்துக்காக அல்ல. அட்டையைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அந்த வரியைத் தேவன் உங்களுக்குத் தந்த வாக்குறுதி என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

எரேமியா 29:11 இன்னொன்று. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். பேசுகிறவர் கர்த்தரேதான். ஆனால் கேட்கிறவர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள். ஒரு வசனம் முன்னால், பத்தாம் வசனத்தில், அது எழுபது வருஷம் முடிந்தபின் என்று இருக்கிறது. ஐந்தாம் வசனம் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் வசனம் பலவீனமாவதில்லை. விசா அடுத்த வாரம் வராவிட்டாலும் உடைந்துபோகாத பலம் அதற்கு வந்துவிடுகிறது. பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்பதற்கு முந்தின இரண்டு வசனமும் பட்டினியையும் குறைவையும் தாங்கக் கற்றுக்கொண்டதைப் பற்றியவை. தேர்வு எண்ணுக்கு மேலே எழுதிவைக்கிற வசனமாக அது ஆனது பின்னால் நடந்தது.

வசனத்துக்கு முன்னும் பின்னும் குறைந்தது பத்து வசனம் வாசியுங்கள். அதிகாரம் முடிந்தால் விஷயம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். அதிகார எண்களும் வசன எண்களும் எழுதியவர்கள் போட்டவை அல்ல. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்கள் 1551-இல் பிரெஞ்சு அச்சகர் ராபர்ட் எத்தியேன் வைத்தவை. ஏசாயா 53 என்று நாம் சொல்லும் பாடு படும் தாசனின் பகுதி உண்மையில் 52:13-இல் ஆரம்பிக்கிறது.

நடந்ததெல்லாம் நடக்க வேண்டியதல்ல

கிதியோன் தோலைக் களத்தில் போட்டுப் பனி பெய்கிறதா என்று பார்த்தார் (நியாயாதிபதிகள் 6). அதைப் படித்துவிட்டு, நாளைக்கு அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தால் வேலைக்குப் போகச் சித்தம், வராவிட்டால் இல்லை என்று பந்தயம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கிதியோனுக்குத் தேவன் என்ன செய்யச் சொன்னார் என்பது ஏற்கெனவே தெரியும்; தோல் அவருடைய தயக்கத்தைக் காட்டுகிறது. அதே புத்தகத்தில் யெப்தா செய்த பொருத்தனை, அதாவது நேர்ச்சை, அவருடைய மகளையே பலிவாங்கியது. புத்தகத்தின் கடைசி வசனம் அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்தான் என்று வருத்தத்தோடு முடிகிறது. சம்பவத்தைச் சொல்வது சிபாரிசு அல்ல. பழைய ஏற்பாட்டுச் சட்டம் என்றால் புதிய ஏற்பாடு அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள்: லேவியராகமம் 11-இன் உணவுச் சட்டங்களுக்கு மாற்கு 7-ம் அப்போஸ்தலர் 10-ம் பதில் வைத்திருக்கின்றன.

வேதம் பெயர் சொல்லாத காரியங்கள்

எந்தக் கல்லூரி, எந்த வரன், எந்த ஊரில் வீடு என்று வசனம் வராது. வரும் என்று எதிர்பார்த்துப் பக்கம் புரட்டுவது சீட்டுக் குலுக்கல்தான். வேதம் இங்கே எல்லையைப் போடுகிறது, ஆளை உருவாக்குகிறது. லஞ்சம் வாங்கித்தான் ஓட்ட முடியும் என்கிற வேலை எல்லைக்கு வெளியே. அதற்காக ஜெபித்துக் காத்திருக்கவே வேண்டாம். எல்லைக்குள் இருக்கும் இரண்டு நல்ல வேலைகளில் எது என்பதற்கு நீதிமொழிகள் 15:22 சொல்கிற வழி, விவரம் தெரிந்த நாலு பேரிடம் ஆலோசனை கேட்பது.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வேதம் வாசிக்கத் தொடங்கிவிட்டோம் என்று சர்க்கரை மாத்திரையையோ மனநல மருந்தையோ நிறுத்தாதீர்கள். எசேக்கியா ராஜாவுக்குக் குணமாவாய் என்று வாக்குக் கிடைத்த அதே நேரத்தில்தான் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் எழுதிக் கொடுத்தார். லூக்கா வைத்தியர்.

நாள் தவறினால்

தவறும். காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், சும்மாவே தூங்கிவிடுவீர்கள். தவறிய மூன்று நாள் பகுதியை நாலாம் நாளில் சேர்த்து வாசித்துக் கடன் தீர்க்க முயல்கிறபோதுதான் பழக்கம் உடைகிறது. எட்டு அதிகாரத்தை ஓட்டமாக ஓடி, ஒன்றும் நிற்காமல், வெறுப்பு வந்துவிடும். அன்றைய பகுதியை அன்று வாசியுங்கள். விட்டதை காலியாக வைத்த ஏழாம் நாளில் முடிந்த அளவு எடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் தேதியை அழித்துவிட்டு நின்ற இடத்திலிருந்து தொடருங்கள். அட்டவணை உங்களுக்காகத்தான். கணக்குப் புத்தகத்தோடு பரலோக வாசலில் யாரும் நிற்கப்போவதில்லை.

முழு வேதத்துக்குள் போகும்போது

ஐந்தாவது மாதத்திலிருந்து முழு வேதத்தை எடுக்கலாம். ஒரே வருஷத்தில் முடிக்க வாரம் ஆறு நாளும் பழைய ஏற்பாட்டில் மூன்று அதிகாரம், புதியதில் ஒன்று. நாங்கள் சொல்வது இரண்டு வருஷம். திங்கள், புதன், வெள்ளி பழைய ஏற்பாட்டில் இரண்டு அதிகாரம். செவ்வாய், வியாழன், சனி பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று. வாரத்துக்கு ஒன்பதும் மூன்றும். பழைய ஏற்பாட்டின் 929 அதிகாரம் 104 வாரத்துக்குள் முடியும். புதிய ஏற்பாட்டின் 260 அதற்கு முன்பே முடிந்து, நான்கு சுவிசேஷங்களில் ஒன்றை மறுபடி வாசிக்க இடம் இருக்கும்.

சிக்கல் வரும் இடங்களுக்கு முன்கூட்டியே தயாராகுங்கள். லேவியராகமம் வாசிக்கும் வாரத்தில் புதிய ஏற்பாட்டுப் பங்குக்கு எபிரெயர் 9, 10 வையுங்கள். லேவியராகமம் 16-இன் பாவநிவாரண நாள் அப்போதுதான் திறக்கும். ‘பிறனை உன்னைப்போல நேசி’ என்பதும் லேவியராகமத்தில்தான் இருக்கிறது (19:18), மறந்துவிடாதீர்கள். எண்ணாகமத்தின் ஜனத்தொகைக் கணக்கு இரண்டு முறை வரும்: முதல் அதிகாரத்தில் 6,03,550 பேர், 26-இல் 6,01,730 பேர். எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான், ஆட்கள் வேறு. முதல் கணக்கில் எண்ணப்பட்டவர்களில் காலேபையும் யோசுவாவையும் தவிர எல்லாரும் இடையில் வனாந்தரத்தில் மடிந்துவிட்டார்கள். அது தெரிந்தால் அந்தப் பெயர்ப் பட்டியல் வெறும் பட்டியலாக இருக்காது. 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரத்தை வேகமாகக் கடந்தால் பாவமில்லை.

தீர்க்கதரிசிகளுக்குள் போகுமுன் 2 இராஜாக்கள் 17-ம் 25-ம் இன்னொரு தடவை வாசியுங்கள். கி.மு. 722-இல் சமாரியாவின் வீழ்ச்சி, 586-இல் எருசலேமின் வீழ்ச்சி. ஒவ்வொரு தீர்க்கதரிசியும் இந்த இரண்டு தேதிகளுக்கு முன்னால் நிற்கிறாரா, பின்னால் நிற்கிறாரா என்று புத்தகத்தின் முதல் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஆமோஸ் முதல் வீழ்ச்சிக்கு முன், எரேமியா இரண்டாவதன் ஓரத்தில், ஆகாய் திரும்பி வந்த பிறகு. அந்தக் குறிப்பு இல்லாமல் வாசித்தால் எல்லாரும் ஒரே குரலில் கோபப்படுவதுபோல்தான் கேட்கும்.

புரியாததை என்ன செய்வது

எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாய்விட்டு வாசித்துக்கொண்டு போனார். வாசிக்கிறது விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்டபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்றார் (அப்போஸ்தலர் 8). வேதமே போதும் என்பதற்கு நான் தனியாகவே போதும் என்று அர்த்தமில்லை. வீட்டில் குடும்ப ஜெபம் இருந்தால் ஆளுக்கொரு வசனமாக வாசித்து, ஒவ்வொருவரும் புரியாத ஒன்றைச் சொல்லட்டும். எழுத்து தெரியாத பாட்டி இருந்தால் பேரப்பிள்ளை உரக்க வாசிக்கட்டும். பல நேரம் பாட்டிக்குத்தான் விடை தெரிந்திருக்கும்.

நோட்டில் ஒரு பக்கம் கேள்விகளுக்கென்று விடுங்கள். இடது பாதியில் வசனமும் கேள்வியும், வலது பாதி காலி. அதை எடுத்துக்கொண்டு ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு போதகரிடம் போக வேண்டாம். வாசலில் நூறு பேர் கை குலுக்கக் காத்திருப்பார்கள், உங்களுக்கு அரை நிமிடமும் ஒரு புன்னகையும்தான் கிடைக்கும். வார நடுவில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். ஒரு தடவைக்கு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். ‘தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்’ என்று ஒரு போதகர் சொன்னால் அவரிடமே தொடர்ந்து போங்கள். வலது பாதியில் சில இடங்கள் இரண்டு வருஷம் கழித்தும் காலியாகவே இருக்கும். கிழித்துப்போடாமல் அடுத்த நோட்டின் முதல் பக்கத்தில் அவற்றை எழுதிக்கொண்டு, மாற்கு முதல் அதிகாரத்தை மறுபடி திறவுங்கள்.